நெல்லுக்கும் சொட்டுநீர் வாங்கலாமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர், போர் தண்ணீர். இரண்டரை ஏக்கரில் குறுவை நடவு, ஒரு ஏக்கரில் வாழை. சொட்டுநீர் விற்கும் ஒருவர், "நெல்லுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம், கரண்ட் செலவு பாதியாகிவிடும். மானியம் அப்புறம் வரும், இப்போது அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாழைக்கு வாங்குங்கள், நெல்லுக்கு வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உங்களுடையது இலவச மின் இணைப்பு என்றால், வராத பில்லில் எதைப் பாதியாக்குவார் என்று அவரையே கேளுங்கள். வாழையில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: உரம் வேரடியிலேயே விழும், களையெடுக்கும் கூலி குறையும். தொழி அடித்து (சேறாக உழுது) நடும் வயலிலோ ஒவ்வொரு போகத்துக்கும் குழாயைச் சுருட்டி எடுக்க வேண்டும். அறுவடை மெஷின் இறங்கும்போது இன்னொரு தடவை.

ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால், தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் 100 சதவீத மானியம் (மற்றவர்களுக்கு 75). அதுவும் அரசு வைத்திருக்கும் விலை வரம்புக்குள்தான். தோட்டக்கலைத் துறையில் பதிந்து, பணி ஆணை கைக்கு வந்த பிறகே குழாய் இறங்க வேண்டும். ஒருமுறை மானியம் வாங்கினால் அதே நிலத்துக்கு ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடியும் கேட்க முடியும். அதனால் மட்டமான சரக்கைத் தலையில் கட்ட விடாதீர்கள். குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போரில் மணல் வந்தால், மணல் பிரிக்கும் ஃபில்டரும் விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உப்பும் இரும்பும் உள்ள தண்ணீர் சொட்டுவாயை அடைத்துவிடும்.

சரி, நெல்லுக்கு? மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பாய்ச்ச, ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு அடித் துண்டு போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அரை அடி மண்ணுக்குள் இறங்குமாறு வரப்பிலிருந்து தள்ளிப் புதையுங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே போன பிறகு மோட்டாரைப் போட்டால் போதும். இரண்டு அங்குலம் நின்றதும் நிறுத்திவிடலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும், இல்லாவிட்டால் பதராகும். களை அதிகமாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளித் தொடங்குங்கள். குழாயில் ஒரே ராத்திரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று பாருங்கள். அதை அடைத்த பிறகு கணக்குப் பார்க்கலாம்.