மருத்துவம்: கேள்வி – பதில்
சீனி வருத்தம் தாய்வழியாக மட்டும் வருமா?

கேள்வி: ஐயா, என் அம்மா, பெரியம்மா, மாமா மூவருக்கும் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சீனி வருத்தம் வந்தது. இப்போது மாமாவின் மூத்த மகனுக்கும் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது என்றும், அது பழுதானால் நீரிழிவு வரும் என்றும் வாசித்துவிட்டு, "அப்ப எனக்கும் வரும்தானே அம்மா?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: குடியைத் தாய்வழியாக எண்ணிவரும் நம் பகுதியில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. மகள் வாசித்த இரண்டு செய்திகளும் சரியானவை. அவற்றை இணைத்து அவர் எடுத்த முடிவு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

இழைமணிக்கெனத் தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. 37 பரம்பரையலகுகளைக் கொண்ட அது தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. அதன் 3243ஆம் இடத்தில் ஏற்படும் ஒரேயொரு மாற்றம் நீரிழிவையும் காது மந்தத்தையும் சேர்த்துத் தாய்வழியாகக் கொண்டுவரக்கூடும் என்பதை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பெரிய குடும்பத்தின் பல தலைமுறைகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் குளுக்கோசு கூடும்போது சதையியின் பீற்றா கலங்கள் அதைப் பயன்படுத்தி ஏ.ரி.பி. என்னும் சக்திப் பொருளை உண்டாக்குகின்றன. அதன் அளவு உயர்ந்தால்தான் அக்கலங்கள் இன்சுலினை வெளிவிடும் என்பதால், இழைமணி தளர்ந்த இடத்தில் இன்சுலினும் குறைகிறது. எனினும் இது அரிய வகை. நீரிழிவுள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடமே காணப்படுகிறது.

உங்கள் மாமா தம் தாயிடமிருந்து இழைமணியைப் பெற்றிருப்பார், ஆனால் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரால் முடியாது. அவருடைய மகனின் இழைமணி முழுவதும் மாமியிடமிருந்து வந்தது. அப்படியிருந்தும் மகனுக்கு வருத்தம் வந்திருப்பதால், உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் தாய், தந்தை இருபக்கப் பரம்பரையலகுகளும் உணவும் உடலுழைப்புக் குறைவும் சேர்ந்து உண்டாக்கும் இரண்டாம் வகை நீரிழிவாகவே இருக்கவேண்டும். மகளுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை, வந்தே தீரும் என்பது உண்மையல்ல. தாய்வழி உறவினர் பலருக்கு இளவயதிலேயே காது மந்தமும் இருந்தால் மட்டும் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். அந்த அரிய வகை உறுதியானால், நீரிழிவுக்கு வழக்கமாகத் தரும் மெற்போமின் குளிசையைக் கொடுப்பதை வைத்தியர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக மெற்போமினை நிறுத்திவிடவேண்டாம்.

கேள்வி: சாதாரண நீரிழிவுக்கும் இழைமணியின் தளர்வே மூலகாரணம் என்று சொல்லி, அதைப் பலப்படுத்தும் குளிசைகளை விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: சொல்பவர்கள் ஆய்வின் ஒரு பாதியைத்தான் சொல்கிறார்கள். நீரிழிவுள்ள பெற்றோருக்குப் பிறந்து, தாம் மெலிந்தும் நோயின்றியும் இருந்த இளைஞர்களின் தசையில் இழைமணியின் செயற்பாடு ஏறக்குறைய 30 வீதம் குறைந்திருந்ததை யேல் பல்கலைக்கழகத்தின் கிற்றி பீற்றர்சனும் ஜெரால்ட் ஷுல்மனும் 2004இல் கண்டார்கள். நோய்க்கு முன்பே தளர்வு தெரிந்ததால், அதுவே காரணம் என்று பலர் கருதத் தொடங்கினர்.

ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் அங்கு வாழும் இந்தியர்களை வட ஐரோப்பிய வழித்தோன்றல்களுடன் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட முடிவு இதற்கு எதிராக நின்றது. இந்தியர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, கூடுதலாக இருந்தும், அவர்களது தசை இழைமணியின் ஏ.ரி.பி. ஆக்கும் திறன் குறைந்திருக்கவில்லை, மாறாக உயர்ந்தே இருந்தது. தெற்காசியரான நமக்கு இதுவே கூடுதலாகக் கவனிக்கவேண்டிய ஆய்வு என்பது என் கருத்து. தளர்வு காரணமா, விளைவா என்ற வாதம் ஆய்வாளரிடையே இன்னும் நடக்கையில், குளிசைக்காரர் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டார்!

தசையில் இழைமணியைப் பெருக்கும் வழியொன்று நீண்டகாலமாகவே தெரியும். ஜோன் ஹொலொசி 1967இல் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசையில் இழைமணி நொதியங்களின் செயற்பாடு ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டினார். மனிதத் தசையும் பயிற்சிக்கு இவ்வாறே இணங்குவது பின்னர் உறுதியானது. ஆகவே குளிசைக்கு வைத்த காசு உங்களிடமே இருக்கட்டும். மாலையில் வேகமாக நடங்கள், கிளினிக்கில் தந்த மருந்தையும் தவறாமல் எடுங்கள்.