பாலிமர்னாலே பிளாஸ்டிக் தானே, அதை தோல்ல தடவலாமா, உடம்புக்குள்ள விடலாமா?

கேள்வி கேட்டவரு க்ரீம் டப்பாவுல கார்போமர், டைமெத்திகோன்னு போட்டிருக்கறத பாத்து பயந்திருக்காரு, இதே வகையறாவதான் யூரின் டியூப்புக்கும் பூசுறாங்களாமே, நம்பி தடவலாமா, சென்சார்லயும் பாலிமர் வருதாமே அது எப்படின்னு கேக்குறாரு. நான் பாலிமர் கெமிஸ்ட்ரி படிச்சுட்டு மருத்துவக் குழாய்களுக்கு பூச்சு போடுற வேலைல இருக்கேன், ஊரு வேதாரண்யம் பக்கம், உப்பளத்த பாத்தே வளந்தவன். தடவலாம், உள்ளயும் விடலாம், ஆனா அந்த பாலிமர் தண்ணியும் உப்பும் பட்டா எப்படி நடந்துக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு.

பாலிமர்ங்கறது சின்ன மூலக்கூறுங்கள ஆயிரக்கணக்குல கோத்த சங்கிலி, அவ்ளோதான். திருபுவனம் பட்டும் பாலிமர், சோத்துல இருக்கற ஸ்டார்ச்சும் பாலிமர், தண்ணி புடிக்கிற பிளாஸ்டிக் குடமும் பாலிமர். அதுனால பிளாஸ்டிக்கா இல்லையான்னு கேட்டா ஒண்ணும் விளங்காது.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. கடையில விக்கிற கெட்டியான கத்தாழை ஜெல்லு, இல்ல சானிடைசர் ஜெல்லு, லேபிள்ல கார்போமர்னு இருக்கறதா எடுத்து ஒரு ஸ்பூன் தட்டுல போட்டு மேல கொஞ்சம் தூள் உப்பு தூவி கலக்குங்க. குமிச்சு வெச்ச மாதிரி நின்னது இளகி தட்டு பூரா தண்ணியா ஓடும். ஏன்னா கார்போமர் சங்கிலி நெடுக மைனஸ் சார்ஜ் இருக்கு, ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு சங்கிலி விரிஞ்சு நிக்குது, அந்த இடைவெளில தண்ணி மாட்டிக்குது, அதுதான் ஜெல்லு. உப்புல இருக்கற சோடியம் வந்து அந்த மைனஸ மறைச்சதும் தள்ளுறதுக்கு ஆள் இல்ல, சங்கிலி சுருண்டுக்குது, தண்ணி வெளிய வந்துருது. குழந்தைங்க டயாப்பர்ல இருக்கற சோடியம் பாலிஅக்ரிலேட்டும் இந்த குடும்பம்தான், சுத்தமான தண்ணின்னா தன் எடைய போல நூத்துக்கணக்கான மடங்கு உறிஞ்சும், உப்புத்தண்ணின்னா அதுல ஒரு சின்ன பங்குதான்.

இப்ப இதை எங்க ஊரு உப்பளத்துல வேல செய்யறவங்க கையில வெச்சு யோசிங்க. தோல் எல்லாம் உப்பு, வேர்வையும் உப்பு, அவங்க போயி நூறு எரநூறு குடுத்து கார்போமர் போட்ட வாட்டர் ஜெல் மாய்ஸ்சரைசர் வாங்கி தடவுனா தடவுன கையோட இளகிரும், மேல படிஞ்சு நிக்காது. அவங்களுக்கு டைமெத்திகோன் இருக்கற க்ரீமோ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோதான் சரி. டைமெத்திகோன்ல சங்கிலியே சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வர்றது, சார்ஜே கிடையாது, உப்பு அதை ஒண்ணும் பண்ணாது, மெல்லிசா படிஞ்சு நின்னுக்கும், அதே நேரம் தோல்லேந்து ஆவி போறத முழுசா அடைக்கவும் அடைக்காது. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை தோல் பாதுகாப்பு மருந்தாவே 1 சதவீதத்துலேந்து 30 சதவீதம் வரைக்கும் சேக்க ஒத்துக்குது. நடவுக்கு போற பொம்பளைங்க குதிகால் வெடிப்புக்கும் இது ஆகும், ஆனா சேத்துப்புண்ணுக்கு இதை போட்டு மூடாதீங்க, விரல் இடுக்குல ஏற்கனவே ஈரம் ஊறிக் கெடக்கறதாலதான் அது வருது, அங்க காய வைக்கணும், பூஞ்சைக்கு மருந்து வாங்கணும்.

உள்ள போயி ரத்தத்துல கலந்துருமான்னா, பொதுவா 500 டால்டனுக்கு மேல எடை இருக்கற மூலக்கூறு நல்லா இருக்கற தோலை தாண்டுறது கஷ்டம், இந்த சங்கிலிங்க ஆயிரம் லட்சம்னு இருக்கும், மேலயே நிக்கும். எனக்கு சங்கிலி மேல பயம் இல்ல, தயாரிக்கும்போது கோக்காம விட்டுப்போன துண்டு, கரைக்க ஊத்துன திரவம்னு உள்ள தங்குற மிச்சத்து மேலதான் பயம். சில கார்போமர் வகைய பென்சீன்ல வெச்சு தயாரிச்சாங்க, பென்சீன் புத்துநோய் தர்ற பொருள், அதுனால 2023 டிசம்பர்ல எஃப்டிஏ அந்த வகைய விட்டு மாறுறதுக்கு மருந்து கம்பெனிகளுக்கு வழிகாட்டுதலே போட்டுச்சு. பாலிஅக்ரிலமைடுங்கற இன்னொரு பாலிமர்ல கோக்காம தங்குற அக்ரிலமைடுக்கும் ஐரோப்பாவுல வரம்பு இருக்கு, கழுவாம உடம்புல விட்டுவைக்கிற க்ரீம்னா ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஊரு பேரு தெரியாத டப்பாவ சந்தைல வாங்காதீங்கன்னு நான் அடிச்சு சொல்றது இதுனாலதான்.

அடுத்து குழாய், இது என் சோறு, கொஞ்சம் நீளமா சொல்றேன். எங்க பெரியப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீங்கி யூரின் டியூப் போட்டாங்க, பெரியம்மா அதை பாத்துட்டு "ஏந்தம்பி, எல்லாருக்கும் மஞ்சக் குழாதானே போடுவாங்க, இது என்னா கண்ணாடி கணக்கா இருக்கு"ன்னு கேட்டுச்சு. மஞ்சளா இருக்கறது லேட்டக்ஸ், ரப்பர் பால்தான், மேல பூச்சு இருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கறது முழு சிலிக்கோன். டெஃப்ளான் பூச்சு போட்ட லேட்டக்ஸ நாலு வாரத்துக்கு மேல விடக்கூடாது, முழு சிலிக்கோன் 12 வாரம் வரைக்கும் தாங்கும், லேட்டக்ஸ் அலர்ஜி இருக்கறவங்களுக்கும் இதுதான்.

அப்பப்ப போட்டு எடுக்கற மெல்லிசு டியூப்புங்கள்ல பாலிவினைல் பைரோலிடோன்னு ஒரு பூச்சு வரும். காஞ்சிருக்கும்போது கையில தொட்டா சாதாரண குழாதான், தண்ணில முக்கி எடுத்தா விரால் மீனு மாதிரி கையில நிக்காது. இங்க ஏன் கார்போமர் மாதிரி ஒண்ண பூசாம இதை பூசுறோம்னா, யூரின்ல உப்பு இருக்கு, சார்ஜ் இருக்கற சங்கிலின்னா உள்ள போனதும் சுருங்கி வழவழப்பு போயிரும், இதுக்கு சார்ஜ் கிடையாது, உப்புக்கு அசராது. பூச்சு சரியா புடிச்சிருக்கான்னு பாக்க குழாய காங்கோ ரெட் சாயத்துல முக்குவோம், பூச்சு இருக்கற இடம் செவப்பா ஏறும், தேஞ்சு போன இடம் வெளுத்த கோடா தெரியும். தண்ணிக்குள்ள ரெண்டு பேடுக்கு நடுவுல அழுத்தி திரும்ப திரும்ப இழுத்துட்டு மறுபடியும் அதே சாயம், எனக்கு மனசு அடிச்சுக்கற இடம் இதுதான், ஏன்னா யூரின் டியூப்புல உரிஞ்சா எரிச்சலோட போகும், ஆஞ்சியோ பண்றப்ப ரத்தக்குழாய்க்குள்ள போற கம்பில உரிஞ்சா துணுக்கு போயி அடைக்கும். 2015 நவம்பர்ல எஃப்டிஏ இதுக்குன்னே டாக்டருங்களுக்கு எச்சரிக்கை விட்டுச்சு.

சென்சார் பத்தியும் கேட்டிருந்தாரு. உப்பு பட்டா சுருங்குது, பிஎச், அதாவது அமில-கார அளவு, மாறுனா வீங்குதுன்னு க்ரீம் பண்றவங்க தலைவலியா நெனைக்கிற அதே குணத்தத்தான் சென்சார் பண்றவங்க தேடிப் புடிக்கிறாங்க. பாலிமரோட வேற குணத்த வெச்சும் சென்சார் பண்றாங்க. கையில ஒட்டிக்கிற சுகர் சென்சார்ல ஒரு வகைக்கு அடிப்படை டெக்சஸ் பல்கலைக்கழகத்துல ஆடம் ஹெல்லர் செஞ்ச வேலை, ஆஸ்மியம்ங்கற உலோகத்த கோத்த பாலிமர் சங்கிலி சர்க்கரைய சாப்பிடுற என்சைமுக்கும் மின்முனைக்கும் நடுவுல எலக்ட்ரான கை மாத்தி விடுது, அதுனாலதான் மணிக்கொரு தடவ விரல குத்த வேணாம்.

எனக்கு அதைவிட புடிச்சது கார்டிஃப் பல்கலைக்கழகத்துல பண்ணது. டியூப்புல ப்ரோட்டியஸ்னு ஒரு கிருமி தொத்துனா அது யூரியாவ ஒடச்சு அம்மோனியா ஆக்குது, பிஎச் ஏறுது, கால்சியம் மெக்னீசியம் பாஸ்பேட் உப்பா உள்ளுக்குள்ள படிஞ்சு குழா அடைச்சுக்குது. அவங்க ப்ரோமோதைமால் ப்ளூ சாயத்த பாலிமருக்குள்ள பொதிஞ்சு பைக்கு போற வழில வெச்சாங்க, மஞ்சளா இருந்தது நீலமா மாறுனா அடைப்பு வரப்போகுதுன்னு அர்த்தம். சாயம் கரைஞ்சு ஓடாம, ஆனா யூரின் மட்டும் உள்ள வந்து தொடுற மாதிரி பாலிமர் புடிச்சு வெச்சுக்குது.

அந்த சென்சார் கையில இல்லாட்டியும் வீட்ல டியூப்போட யாராச்சும் இருந்தா பையில அம்மோனியா நெடி அடிக்குதா, மணல் மாதிரி அடில தங்குதா, குழாய சுத்தி ஓரமா கசியுதான்னு தினம் பாருங்க. இருந்துச்சுன்னா மாத்துற தேதி வரட்டும்னு உக்காந்திருக்காம அன்னைக்கே நர்ஸம்மாவ கூப்பிட்டு மாத்திருங்க, மாத்தும்போது முழு சிலிக்கோன் இருக்கான்னு கேளுங்க.