தொட்டபெட்டாவில் வைத்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

2024 புத்தாண்டுக் காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் கிளம்பியதை மகனோடு போனில் பார்த்தேன். வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரேயைப் பார்க்க ராக்கெட் எதற்கு? கருவியை எங்கள் தொட்டபெட்டா உச்சியில் வைத்தால் செலவு மிச்சம்தானே? பிளஸ் டூ படிக்கும் அவன் இந்தத் துறைக்குப் போனால் வேலை கிடைக்குமா?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

வேலை விஷயத்தை என்னிடம் கேட்காதீர்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். செலவுக் கணக்குக்கும் நான் வரவில்லை.

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்கே ஏறி நின்றாலும் தலைக்கு மேல் முக்கால்வாசிக் காற்று பாக்கி இருக்கிறது. எக்ஸ்ரேயை அது விழுங்கிவிடும். விழுங்குவதால்தான் நீங்களும் நானும் தேயிலைச் செடியும் பிழைத்துக் கிடக்கிறோம். அதனால்தான் 650 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1964-ல் நண்டு நெபுலாவை, அதாவது வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சத்தை, நிலா மறைக்கும் நேரம் பார்த்து அமெரிக்காவில் ஒரு ராக்கெட் விட்டார்கள். காற்றுக்கு மேலே கிடைத்தது சில நிமிஷம். எக்ஸ்ரே சட்டென்று அணையாமல் மெல்ல மெல்லக் குறைந்தது. அது ஒற்றைப் புள்ளியிலிருந்து வரவில்லை, பரந்த இடத்திலிருந்து வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவியும், ஏவிய அதே மாதம் அந்த நண்டைப் பார்த்தது.

நிலா மறைப்பது என்றதும் முத்தோரை ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் மேல் கோபமும் அங்கேதான். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! நிலா மறைக்கும்போது வானில் ரேடியோ அலை வரும் இடங்களை அளக்கத்தான் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதைத் திட்டமிட்டார். 1970-ல் கட்டி முடித்தார்கள். மலை என்றால் உங்களுக்கு உயரம். அவர் தேடியது சரிவை. ரேடியோ அலைதான் கடற்கரை வரைக்கும் வந்துவிடுமே! வடக்கே ஏறிப்போகும், 11 டிகிரி சாய்ந்த மலை அவருக்கு வேண்டியிருந்தது. ஊட்டியின் அட்சரேகையும் 11. அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கருவியைக் கிடத்தினால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அந்த ஒரு அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே பொருளைத் தொடரலாம்.

என் சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தது. சின்ன வயதில் எனக்கு அங்கே இரும்புச் சட்டங்கள் மட்டும்தான் கண்ணில் படும். ஒருநாள் மேகம் இறங்கி விலகியபோதுதான் கம்பிகளைப் பார்த்தேன். மெல்லிய எவர்சில்வர் கம்பி, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் நீர்த்துளி. மொத்தம் 1,100 கம்பி. “இவ்வளவு பெரிய வேலி போட்டவனுங்க வாசல் வைக்க மறந்துட்டானுங்க பாரு” என்பார் சித்தப்பா. பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன, கையில் போன் இருக்கிறதே?

இந்த ஞாயிற்றுக்கிழமை பையனை முத்தோரைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பாகைமானி, நூலில் கட்டிய சின்னக் கல், இரண்டும் போதும். பக்கவாட்டில் நின்று பாகைமானியின் விளிம்பைச் சரிவோடு சேர்த்துப் பிடித்தால் நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ அதுதான் சாய்வு. 11 வந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம், அவன் எழுதட்டும்.