இயக்குநர் நாற்காலிக்கு முன் பூம் கோல்: திரை, தொலைக்காட்சிப் பயிலுனர் கேள்வி-பதில்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் இயக்குநர் ஆக வேண்டும், மிஞ்சினால் ஒளிப்பதிவாளர். ஒலிப்பதிவு பழக வேண்டும் என்று எழுதியவர் இதுவரை ஒருவரும் இல்லை. நான் ஒலிப்பதிவுப் பக்கமிருந்து வந்தவன் என்பதால் இந்தக் குறை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் படித்தேன். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. பயிலுனராகச் சேர முறையான வழி உண்டா, அல்லது ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமா? – உவர்மலை

முறையான வழி உண்டு. ஆளைத் தெரிந்திருந்தால் அந்த வழி குறுகும், அவ்வளவுதான்.

தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது. 'நைட்டா' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போய், 'ஊடகப் பயிற்சி இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். வீடியோ ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, புகைப்படம் என்று தொழிலின் பெயரைச் சொல்லி, அதற்குத் தேசிய தொழில் தகைமை வழங்கப்படுகிறதா, எந்த மட்டம்வரை, எந்த நிறுவனத்தில் இருத்துவார்கள் என்று கேளுங்கள். இத்தகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர். கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அது பயிற்சிநெறி, பயிலுனர் வேலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கலாம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை மாதம், என்ன கொடுப்பனவு, யாருடைய பொறுப்பில், எந்த வேலையைப் பழக்குவார்கள். நாலு வரி போதும். அந்த நாலு வரியை எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் உங்களுக்குத் தேநீர் வாங்கிவரும் வேலைதான் காத்திருக்கிறது. தேநீர் வாங்குவது கேவலம் என்று சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்தும் அதையே வாங்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

நகரில் ஒரு ஸ்டூடியோவில் கலியாணமும் கோயில் திருவிழாவும் எடுக்கிறேன். இந்த அனுபவத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் மதிப்பார்களா? – அன்புவழிபுரம்

மதிக்க மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னவர் தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் கமராவோடு நின்றவராக இருக்க முடியாது. தாலி கட்டுவதை 'இன்னொரு முறை' என்று கேட்க முடியாது. திரும்ப வராத ஒரு கணத்தைத் தவறவிடாமல் பிடித்துப் பழகியவருக்குச் செய்திப் பிரிவில் பாதி வேலை தெரிந்த மாதிரி.

மீதிப் பாதியைத்தான் பழக வேண்டும். உங்கள் பழைய வீடியோக்களை மறுபடி போட்டுப் பாருங்கள். மண்டபத்துச் சர விளக்குகள் துடிக்கின்றனவா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதற்கு ஒத்துப்போக விநாடிக்கு 25 சட்டகம் (பிரேம்), ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள்; பெரும்பாலான துடிப்பு அடங்கிவிடும். மலிவான எல்ஈடி சரங்கள் அதற்கும் அடங்காது, முன்கூட்டியே போய்ப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது ஒலி. தவில் தொடங்கியதும் ஒலி உடைகிறதா? கமராவின் ஒலிமானியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் தவிலுக்கும் இடம் மிஞ்சும். பாட்டைப் போட்டு மூடிவிடலாம் என்ற கலியாண வீடியோப் புத்தி தொலைக்காட்சியில் எடுபடாது.

நீங்கள் ஏற்கெனவே வேலை செய்பவர் என்பதால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தகைமைச் சான்றிதழ் பெற முடியுமா என்று நைட்டாவிலேயே விசாரியுங்கள். வகுப்பில் குந்தியிருக்கத் தேவையில்லை. வேலையைச் செய்து காட்டி, செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். வேலை கேட்டு அனுப்பும் மாதிரி வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மணமக்கள் கடற்கரையில் மெதுவாக ஓடிவரும் காட்சியைத் தயவுசெய்து அதில் போடாதீர்கள்.

முதல் நாள் படப்பிடிப்பில் என்ன செய்யச் சொல்வார்கள்? – பாலையூற்று

வயர் சுற்றச் சொல்வார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொடிக்கயிறு சுற்றுவதுபோல் நீங்கள் சுற்றினால், ஒலிப்பதிவாளர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கித் தானே சுற்றிக்கொள்வார். அன்றைக்கு உங்களை அவர் எடைபோட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். முறை இதுதான்: ஒரு வளையம் இயல்பாக, அடுத்தது மணிக்கட்டை உள்ளே திருப்பி எதிர்ப்பக்கமாக. இப்படி மாறி மாறிச் சுற்றினால் வயருக்குள் முறுக்கு ஏறாது. ஒரு முனையைப் பிடித்து எறிந்தால் சிக்கில்லாமல் நேராக விழும். இரவல் வயர் ஒன்றை வாங்கி வீட்டில் பழகுங்கள்.

அடுத்தது மெமரி கார்டு. எடுத்து முடித்த கார்டையும் வெறும் கார்டையும் ஒரே பையில் போடக் கூடாது. முடிந்த கார்டில் நிறநாடா ஒட்டி, எழுத்துத் தடுப்பு விசை இருந்தால் அதைப் பூட்டுங்கள். இரண்டு தனித்தனி டிஸ்கில் பிரதி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்து, பொறுப்பானவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கார்டை அழிக்கலாம். நீங்களாக அழிக்க வேண்டாம், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

பூம், அதாவது நுனியில் ஒலிவாங்கி பொருத்திய நீண்ட கோல், பிடிக்கச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒலிவாங்கி சட்டகத்துக்குள் எட்டிப் பார்க்காமல், பேசுபவரின் வாயைத் தொடர்ந்து போக வேண்டும். கடற்கரையில் காற்று வேறு. ஒலிவாங்கிக்கு ரோமக் கவசம் போடாவிட்டால் வசனத்துக்குப் பதில் இரைச்சல்தான் மிஞ்சும். இந்த வேலைக்குப் போட்டியும் குறைவு, நடிகருக்கும் கமராவுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பார்க்கவும் முடிகிறது. இலவசமாகக் கிடைக்கும் இயக்குநர் வகுப்பு அது என்பேன்.

மகனுக்கு 16 வயது. தொலைக்காட்சி நாடகத்தில் உதவி இயக்குநர் பயிற்சி தருவதாகவும், சேர்வதற்கு ஒன்றரை இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா? – தம்பலகாமம்

கட்டாதீர்கள் அம்மா. பயிற்சிநெறிக்குக் கட்டணம் இருக்கலாம். அப்படியானால் அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கட்டலாம். வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. அத்தோடு, வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதே 2021 முதல் 16தான். உயர்தரம் முடியட்டும். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள்.

படத்தொகுப்பு ஓரளவு தெரியும். இரவுப் படப்பிடிப்பு என்றால் வீட்டில் விடமாட்டார்கள். பெண்களுக்கு இத்துறையில் வேறு வழி இருக்கிறதா? – கிண்ணியா

படத்தொகுப்பு உதவியாளர். ஒலியையும் படத்தையும் பொருத்துவது, காட்சி வாரியாகக் கோப்புகளை அடுக்குவது, பேட்டிகளை எழுத்தாக்குவது, வசன வரி (சப்டைட்டில்) போடுவது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். தமிழும் சிங்களமும் தெரிந்து பிழையில்லாமல் வசன வரி எழுதக்கூடியவர்கள் அரிது. உங்களுக்கு இரண்டும் வருமென்றால் அதையே முதலில் சொல்லுங்கள். ஆனால் வீட்டிலிருந்தபடியே தனியாகத் தொகுத்துப் பழகுவதோடு நின்றுவிடாதீர்கள். அனுபவப்பட்ட ஒருவர் ஏன் ஒரு காட்சியை வெட்டி எறிகிறார் என்பதைப் பக்கத்துக் கதிரையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் தொகுப்பு அறையிலும் இரவாகும். அதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. போக்குவரத்தும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், ஆண்களும் கேட்க வேண்டிய கேள்விதான்.

சென்னைக்குப் போய்விடலாமா? லண்டனில் மாமி இருக்கிறார், அங்கே பயிலுனராகச் சேர முடியுமா? – இருவர்

சுற்றுலா விசாவில் சென்னையில் வேலை செய்ய முடியாது. அங்கே தொழிற்சங்க அட்டை என்று இன்னொரு மதிலும் இருக்கிறது. படிக்கப் போவதென்றால் மாணவர் விசாவோடு போங்கள். இங்கிலாந்தில் பயிலுனர் வேலைக்கு அங்கே வேலை செய்யும் உரிமையையும் வதிந்த காலத்தையும் பார்ப்பார்கள். மாமி இருப்பது தங்குவதற்கு மட்டும் உதவும்.

சுழியோடுதல் தெரியும், படகும் ஓட்டுவேன். வயது 31. சினிமாவில் எனக்கு ஏதாவது வேலை உண்டா? – நிலாவெளி

இம்முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலை அடிவாரக் கடலில் மூழ்கித்தான் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் படமெடுத்தார்கள். அதே வில்சன் 1962இல் இயக்கியதுதான் சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். கடலடிக் காட்சிகளுக்குப் பேர்போனது. திருகோணமலைக் கடலுக்கும் கமராவுக்கும் உறவு புதிதல்ல.

நீங்கள் கடலடி ஒளிப்பதிவாளராகத் தொடங்க முடியாது. பாதுகாப்புச் சுழியோடியாகத் தொடங்கலாம். நடிகரையோ கமராக்காரரையோ கீழே பார்த்துக்கொள்வது, படகை அலைக்குக் குறுக்கே போகவிடாமல் பிடிப்பது, எந்த மாதத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று சொல்வது. வடகீழ்ப் பருவத்தில் கலங்கிய கடலை நம்பி நாள் குறித்துவிட்டு வரும் குழுவுக்கு அந்தத் தகவலே பெரிய மிச்சம். சுழியோடிச் சான்றிதழ் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள், அது இல்லாமல் யாரும் பொறுப்புத் தரமாட்டார்கள்.

கரையிலும் வேலை இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை, புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். டிரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் தனி. எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்து, தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடிய உள்ளூர்க்காரரைத்தான் குழுக்கள் தேடுகின்றன. உங்கள் சிங்களம் மீன்சந்தை அளவோடு நிற்கிறதென்றால் இந்த வருடம் அதைக் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் கமரா வாங்க வேண்டுமா? – மூதூர்

வேண்டாம். மூடிய சப்பாத்து, சிறிய டோர்ச், அழியாத மையுள்ள பேனை, நிறநாடா ஒரு சுருள், காதை முழுதாக மூடும் ஹெட்போன். ஹெட்போனுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகச் செலவழியுங்கள்.