ஆங்கில ஒப்பீடு: எப்போது ‘இஆர்’, எப்போது ‘மோர்’?

‘மோர் டாலர்’ (more taller) ஏன் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இன்னும் உயரமான’ என்று பொருள்படும் ‘டாலர்’ என்ற சொல்லிலேயே ஒப்பீடு வந்துவிட்டது. ‘மோர்’ அங்கே கூறியது கூறல்.

எழுத்துகளை அல்ல, அசைகளை (syllables) எண்ணுங்கள். ஓரசைச் சொல் என்றால் பெரும்பாலும் இறுதியில் இஆர் (-er), இஎஸ்டி (-est) சேரும்: டால், டாலர், டாலஸ்ட். ‘பிக்’ போன்ற சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘பிக்கர்’ எழுதும்போது இரண்டு ஜி வேண்டும். நம் ‘கல்’ என்பது ‘கல்லில்’ என்று ஆவதைப் போலத்தான். மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். ‘ஹேப்பி’ போல ஒய்யில் முடிந்தால் ஒய் போய் ஐ வரும். மூன்று அசை, அதற்கு மேல் என்றால் மோர், மோஸ்ட்: மோர் பியூட்டிஃபுல்.

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட். இவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

அழுத்திச் சொல்ல ‘வெரி டாலர்’ வராது, ‘மச் டாலர்’ என்று எழுதுங்கள்.