கடையில் வாங்கிய கப்பி மீன் ஜோடியின் குஞ்சுகள் ஏன் அப்பனைப் போல இல்லை?

சிவப்பு வால் ஆண் ஒன்றும் அதற்கு ஏற்ற பெண் ஒன்றும் வாங்கினேன், ஐந்தாம் நாளே குஞ்சு போட்டது, இரண்டு மாதம் வளர்த்தும் ஒன்றுகூட அப்பனைப் போல வரவில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் ஏமாற்றவில்லை. நீங்கள் அப்பன் என்று நினைப்பவன் அப்பனே இல்லை. கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 21 முதல் 30 நாள். ஐந்தாம் நாளில் பிறந்தவை உங்கள் வீட்டு ஆணுக்குப் பிறந்திருக்க வழியில்லை. கடைத் தொட்டியில் கூட இருந்த எவனோ ஒருவனின் பிள்ளைகள் அவை. ஒருவனோ, இரண்டு மூன்று பேரோ! இன்னொரு செய்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெண் கப்பி ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும். ஒருமுறை சேர்ந்துவிட்டால், பிறகு ஆணே இல்லாத தொட்டியிலும் மாதாமாதம் குஞ்சு போட்டுக்கொண்டிருக்கும்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஊருக்குள் தாமான் என்னும் குடியிருப்பு வீட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஓடிய லோங்காங்கில்தான் முதலில் கப்பியைப் பார்த்தேன். சாக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். மீனுக்கும் லோங்காங் மீன் என்றுதான் பெயர். மைலோ டின்னில் மொண்டு வருவேன், அம்மா முகம் சுளித்துக் கொட்டச் சொல்வார். கப்பி என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. டிரினிடாட் தீவிலிருந்து லண்டனுக்கு இந்த மீனை அனுப்பிவைத்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பியின் பெயரை 1866இல் இதற்குச் சூட்டினார்கள். ஆனால் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859இலேயே வேறு பெயர் வைத்துவிட்டிருந்தார். எனவே இன்றைய அறிவியல் பெயரில் கப்பிக்கு இடமில்லை. ஊர் வாயில் மட்டும் நிலைத்துவிட்டார். கொசுப் புழுவைத் தின்னும் என்று பல நாடுகளில் இதைக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் லோங்காங்குக்கு வந்த வழியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி என் கதை. ஊர் ஓரத்தில் ஒரு சீனப் பெரியவர் கப்பி வளர்க்கிறார். சந்தையில் மீன் வரும் ஸ்டைரோஃபோம் பெட்டிகள்தாம் அவருடைய தொட்டிகள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருப்பார். அவரிடம் சிவப்பு வால் ஆண் ஒன்றும் பெண் இரண்டும் நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். கடையில் ஐந்து வெள்ளிக்கு ஒரு ஜோடி கிடைக்கும்போது இது என்ன கொள்ளை என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். "இந்த இரண்டு பெண்களும் ஆணையே பார்த்ததில்லை, அதற்குத்தான் காசு" என்று மலாயில் சொன்னார். அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று தலைமுறை நன்றாகத்தான் போயிற்று. ஆண்கள் எல்லாம் விசிறிபோல வாலை விரித்துக்கொண்டு திரிந்தன. பிறகு பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்தான். ஒரு மாலை நான் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே, "மாமா, உங்கள் மீனுக்கு ஒரு கூட்டாளி கொண்டுவந்திருக்கிறேன்" என்றான். லோங்காங்கில் பிடித்த ஒரே ஒரு ஆண். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கவாட்டில் ஒரு கறுப்புப் புள்ளி, மங்கலாக ஓர் ஆரஞ்சுத் தீற்றல், வால் இருந்தும் இல்லாத மாதிரி. மறுநாளே பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். ஒரு இரவுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏழெட்டு வாரம் கழித்து நிறமெடுத்த இளசுகளில் பாதிக்குமேல் அந்தக் கறுப்புப் புள்ளி!

காரணம் எளிது. நம்முடைய அழகு மீன் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்த மாப்பிள்ளை. வாலை இழுத்துக்கொண்டு அது திரும்புவதற்குள் லோங்காங்கான் காரியத்தை முடித்துவிடுகிறான்.

அந்தப் புள்ளி ஏன் அப்படியே மகன்களுக்கு வந்தது என்பதும் சுவையான விஷயம். டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான்னஸ் ஷ்மிட் 1920இல் இதைத்தான் கண்டுசொன்னார்: ஆண் கப்பியின் சில நிறக்கோலங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே, ஒய் குரோமோசோம் வழியாகப் போகின்றன. விலாங்கு மீன் எங்கே இனம் பெருக்குகிறது என்று அட்லாண்டிக் கடலெங்கும் தேடியலைந்த அதே ஷ்மிட்தான். இரண்டு ஆண்டு கழித்து ஒய்விண்ட் விங்கே (Øjvind Winge) என்ற இன்னொரு ஆய்வாளர் இன்னும் விரிவாக எழுதினார். ஆனால் எல்லா நிறமும் ஒய்யில் இல்லை. எக்ஸிலும் மற்ற குரோமோசோம்களிலும் இருப்பவற்றைத் தாயும் சுமந்து வருவாள். வெளியே பார்த்தால் சாம்பல் நிறப் பெண். உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று மகன்கள் வளர்ந்த பிறகுதான் தெரியும். அதனால் கடையில் ஆணின் அழகைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பெண்ணையும் சேர்த்து வாங்கினால், அடுத்த தலைமுறை சீட்டுக் குலுக்கல்தான்.

ஆகவே கப்பி வளர்ப்பில் பெருக்குவது ஒரு வித்தையே இல்லை, அதை மீனே பார்த்துக்கொள்ளும். பிரிப்பதுதான் வேலை. மூன்றாவது வாரத்திலிருந்து டார்ச் விளக்கு பிடித்துப் பாருங்கள். பெண் குஞ்சுக்கு அடிவயிற்றின் பின்பக்கம் கருமையான ஒரு புள்ளி தெரியும். ஆணுக்கு அடித்துடுப்பு முக்கோணமாக இல்லாமல் குச்சிபோலக் குறுகத் தொடங்கும். நான்கு வாரத்துக்குமேல் இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த மீனை ஆண் என்றே வைத்துக்கொண்டு ஆண்களோடு விடுங்கள். முதலில் நிறமெடுக்கும் ஆணைப் பார்த்து மயங்காதே, அது பெரும்பாலும் சிறியதாகவே நின்றுவிடும், தாமதமாக வருவதற்குக் காத்திரு என்பது பெரியவர் சொன்னது. நான்கு மாதம் ஆன பிறகே தேர்ந்தெடுக்கிறேன்.

கழித்த மீன்களை என்ன செய்வது? ஆற்றிலோ குளத்திலோ விடவே விடாதீர்கள், அங்கே இருக்கும் மீன்களுக்குத் தொல்லை. நான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். சிறு மீன்களைத் தின்னும் அரோவானா மீன் வளர்க்கும் ஒருவரும் வாங்கிப் போவார். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நாள் தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் வந்த மகிழ்ச்சியில், தொட்டியில் பாதியை அப்படியே குழாய் நீரால் நிரப்பினேன். குளோரின் நெடி மூக்கிலேயே ஏறியது. ஆனாலும் புத்தி வரவில்லை. காலையில் முப்பத்திரண்டு மீன் மிதந்தன. இப்போது வாளியில் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுகிறேன், அதுவும் வாரம் கால்வாசிதான். கப்பிக்குக் கடின நீர் பிடிக்கும். என் வீட்டுத் தண்ணீர் மென்னீர் என்பதால் வடிகட்டியில் ஒரு கைப்பிடி பவளக்கல் போட்டிருக்கிறேன். இந்த ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை.

தாய் தன் குஞ்சையே தின்னும். ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டால் பல தப்பிக்கும். பாசியோடு நத்தையும் வரும். சுங்கை சிப்புட் என்றாலே நத்தை ஆறு என்றுதான் பொருள், ஆகையால் நான் முறையிடுவதில்லை. குஞ்சுக்குச் சிறந்த தீனி உப்புநீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால். கொசுப் புழு இன்னும் நல்லதுதான், ஆனால் அதற்காக வாசலில் வாளி வைத்து வளர்க்காதீர்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975இலேயே இங்கே சட்டம் இருக்கிறது, அபராதம் மீன் விலையில் வராது. சென்ற மாதம் சுகாதார அதிகாரிகள் வந்து என் பெட்டிகளில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மீன் தெரிந்ததும் சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூச்சட்டிக்குப் போய்விட்டார்கள்.

உங்களிடம் இருக்கும் பெண்ணைப் பொறுத்தவரை, இன்னும் சில மாதம் அவள் பழைய கணக்கைத்தான் தீர்த்துக்கொண்டிருப்பாள். உங்கள் ஆணுக்கு, அதே வகையை வளர்ப்பவரிடம் ஆணைப் பார்க்காத இளம்பெண் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் லோங்காங் மீன் எத்தனை வேண்டுமானாலும் என் மருமகன் தருவான், இப்போது அவனுக்கென்று தனிப் பெட்டியே இருக்கிறது. என் சிவப்பு வாலுக்கு மட்டும் இன்னும் இரண்டு மாதம் ஆகும், மறுபடி பெரியவரிடமிருந்து தொடங்கியிருக்கிறேன்.