கல்யாண வீட்டுப் பாக்கியும் கொழுந்தனார் கணக்கும்

கேள்வி: நானும் என் கணவரின் தம்பியும் சேர்ந்து கேட்டரிங் நடத்துகிறோம். சிங்கப்பூரின் வணிகப் பதிவு ஆணையமான அக்ராவில் இரண்டு பேர் பெயரிலும் பங்குத் தொழிலாகப் பதிந்திருக்கிறோம். 20 மாதத்துக்கு முன் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு 450 பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம். தலைக்கு 22 வெள்ளி, மொத்தம் 9,900. முன்பணமாக 2,000 வந்தது. பாக்கி 7,900 வரவே இல்லை. பிரியாணி பத்தவில்லை, நாங்கள் தலைகுனிந்து நின்றோம் என்கிறார்கள். ஆர்டர் கொடுத்தவர் பெண்ணின் தாய்மாமன், முன்பணம் போட்டவர் பெண்ணின் அப்பா. எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான். இதற்கு நடுவில் கொழுந்தனார் நாலு மாதமாகக் கிச்சன் பக்கம் வருவதில்லை. மளிகை சப்ளையர் 14,000 வெள்ளி பில் பாக்கி என்று என்னிடம் கேட்கிறார், நான் அதில் கையெழுத்துப் போட்டதே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நின்றுபோன சமையல் உதவியாளும் ஓவர்டைம் பாக்கி என்று மனிதவள அமைச்சுக்குப் போகப்போகிறாராம். கல்யாண வீட்டுக்காரர் மேல் எப்படி கேஸ் போடுவது?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் கல்யாண வீடுதான். கொழுந்தனாருக்கு ஒரே ஒரு வரி. நான் வக்கீல் இல்லை. சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு முப்பது வருடம் கணக்கு எழுதியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உங்களைப் பெரிதாக அடிக்கப்போவது அந்த ஒரு வரிதான். ஆனாலும் கல்யாண வீட்டை முதலில் முடித்துவிடுவோம். அதற்குக் கெடு இருக்கிறது, நீங்கள் 20 மாதத்தை ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள்.

ஸ்மால் கிளைம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரையிலான வழக்கைக் கொண்டுபோகலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. பணம் தர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். ரிசப்ஷன் முடிந்த கையோடு தருவதாகப் பேச்சு என்றால் உங்களுக்கு மிச்சம் நாலே மாதம். அதைத் தவறவிட்டால் பணம் அடியோடு போய்விடாது, ஒப்பந்தக் கடனுக்குச் சட்டத்தில் ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் அப்புறம் போக வேண்டியது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 7,900 வெள்ளிக்கு வக்கீல் வைத்து அங்கே போனால் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கே இடமில்லை, தொழில் பங்காளி என்ற முறையில் நீங்களே போய்ப் பேசலாம். மனு இணையத்திலேயே போடலாம், கடை சார்பில் என்பதால் நிறுவனங்களுக்கான இணைய அடையாளமான கார்ப்பாஸ் வேண்டும். 5,000க்கு மேல் 10,000 வரையிலான தொகைக்கு வியாபாரிகள் கட்ட வேண்டிய கட்டணம் 100 வெள்ளி.

யார் மேல் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் மாமா பேசுவார், அப்பா பணம் போடுவார், தங்கை மெனுவை மாற்றுவார். மன்றம் பார்ப்பது, உங்களோடு ஒப்பந்தம் செய்தது யார் என்பதை மட்டும். தாய்மாமன் "என் மருமகள் கல்யாணத்துக்கு வேணும், பில்லை மச்சான்கிட்ட அனுப்புங்க" என்று எழுதியிருந்தால், அவர் அப்பாவுக்காகப் பேசினார் என்று எடுத்துக்கொள்ளலாம். "நான் பார்த்துக்கிறேன்" என்று எழுதியிருந்தால் கதையே வேறு. இன்வாய்ஸை யார் பெயருக்கு எழுதினீர்கள்? பேநவ் பணமாற்றில் வந்த 2,000 அப்பாவின் கணக்கிலிருந்து வந்தது என்பது உங்களுக்குச் சாதகம். சந்தேகம் இருந்தால் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடுங்கள். தாய்மாமனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாட்ஸ்அப் பேச்சு செல்லும். அதற்காக உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், முழு உரையாடலையும் தேதியோடு எடுத்து வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். 450 பேர் என்று கடைசியாக உறுதி செய்த செய்தி எது என்று தேடிப் பாருங்கள். பிரியாணி பத்தாமல் போனது 520 பேர் வந்ததாலா, 450 பேருக்கே குறைந்ததா? முதலாவது என்றால் உங்கள் மேல் குற்றமில்லை. இரண்டாவது என்றால் மன்றம் தொகையில் கொஞ்சம் கழிக்கக்கூடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விசாரணைக்கு முன் சமரசம் பேச வைப்பார்கள். அங்கே 6,500 தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே என் யோசனை. தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, தீர்ப்பு வாங்கியும் தராதவரிடம் அமலாக்க உத்தரவு போட்டு வசூலிப்பது இன்னொரு வேலை, இன்னொரு செலவு.

சரி, இப்போது கொழுந்தனார்.

குடும்பம்தானே என்று எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதாததையெல்லாம் உங்களுக்காக 1890ஆம் வருடமே இங்கிலாந்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பங்குத் தொழில் சட்டம்தான் இன்றும் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சரிபாதி, நஷ்டமும் சரிபாதி. அதிகமாக உழைத்த பங்காளிக்குச் சம்பளம் கிடையாது. நாலு மாதமாக நீங்கள் மட்டும் விடிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கலாம், அந்த லாபத்திலும் அவருக்குப் பாதி. கல்யாண வீட்டிலிருந்து வரப்போகும் பணம்கூடக் கடைக்கு வரும் பணம், உங்களுக்கு மட்டும் வரும் பணம் இல்லை.

சப்ளையர் விஷயத்துக்கு வருவோம். "நான் கையெழுத்துப் போடவில்லை" என்பது அவரிடம் எடுபடாது. கடையின் வழக்கமான வியாபாரத்துக்காக ஒரு பங்காளி வாங்கினால் அது எல்லாப் பங்காளிகளையும் கட்டுப்படுத்தும். கேட்டரிங்காரர் அரிசியும் எண்ணெயும் வாங்குவதைவிட வழக்கமான வியாபாரம் வேறு என்ன இருக்கிறது? சப்ளையர் 14,000 முழுவதையும் உங்களிடமே கேட்கலாம். அதற்கு உங்கள் சொந்தச் சேமிப்பும் பொறுப்பு. கட்டிவிட்டுக் கொழுந்தனார் பங்கை அவரிடம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு. 20,000க்குக் கீழே என்பதால் சப்ளையரும் அதே நடுவர் மன்றத்துக்கு வரலாம். நீங்கள் கல்யாண வீட்டுக்காரரைக் கூப்பிடும் வாரத்திலேயே உங்களை இன்னொருவர் கூப்பிடக்கூடும்.

ஆனால் கேட்டவுடன் கட்டிவிடாதீர்கள். கணக்கு விவரமும் ஒவ்வொரு டெலிவரி ஆர்டரின் (சரக்கு இறக்கியதற்கான சீட்டு) நகலும் கேளுங்கள். சரக்கு உங்கள் கிச்சனுக்குத்தான் வந்ததா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், 1990களில் நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் ஒரு பங்காளி தனியாக இன்னொரு கடை போட்டுவிட்டு, அங்கே போன சரக்குக்கும் பழைய கடை பெயரிலேயே பில் போட வைத்தார். ஒன்றரை வருடம் நானும் அதைக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பில்லை மட்டும் பார்த்தேன், டெலிவரி முகவரியைப் பார்க்கவில்லை. உங்கள் கொழுந்தனார் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. நாலு மாதமாக எங்கே போகிறார் என்று தெரியாதபோது, பார்த்துக்கொள்வது நல்லது. வேறு எங்கோ அவருடைய சொந்த வேலைக்குப் போன சரக்கு, அது சப்ளையருக்கும் தெரியும் என்றால், நீங்கள் மறுத்துப் பேச இடமிருக்கிறது.

அடுத்து, இந்தக் கடன் மேலும் வளராமல் நிறுத்த வேண்டும். காலவரை எதுவும் பேசாத பங்குத் தொழிலை, ஒரு பங்காளி மற்றவருக்கு அறிவிப்புக் கொடுத்தே முடித்துக்கொள்ளலாம். எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். மாமியார் முன்னால் வேண்டாம், அங்கே கணக்குப் பேச முடியாது. உங்கள் கணவரும் கூட இருக்கட்டும், கணக்குப் புத்தகமும் இருக்கட்டும். முடிக்கும்போது கடைச் சொத்திலிருந்து முதலில் வெளிக்கடனை அடைக்க வேண்டும், மிச்சம்தான் உங்கள் இருவருக்கும். பிரிவினைப் பத்திரத்துக்கு மட்டும் கண்டிப்பாக வக்கீலிடம் போங்கள். வாட்ஸ்அப்பில் "சரி அண்ணி" என்று வாங்கி வைக்காதீர்கள்.

பிரிந்த பிறகும் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய சப்ளையருக்குத் தகவல் போகாதவரை, நீங்கள் இன்னும் பங்காளிதான் என்று நினைத்துச் சரக்குக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு சப்ளையருக்கும் கடிதம் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அக்ராவில் மாற்றத்தை 14 நாளுக்குள் பதிய வேண்டும். பேங்கில் கொழுந்தனார் தனியாகக் கையெழுத்திட்டுப் பணம் எடுக்க முடியும் என்றால் அதை இந்த வாரமே இருவர் கையெழுத்துக்கு மாற்றுங்கள், பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தனியாகத் தொடர்வதாக இருந்தால் பிரைவேட் லிமிடெட் ஆக்கலாமா என்று அடுத்து எழுதுவீர்கள். ஆக்கலாம், அக்ரா கட்டணம் பெயருக்கு 15, பதிவுக்கு 300. அது இனி வரும் கடன்களுக்குத்தான் வேலி. இந்த 14,000 அந்த வேலிக்கு வெளியே நிற்கும்.

கடைசியாக உதவியாள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்குத்தான். கிச்சனில் உடலுழைப்பு வேலை, அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500க்கு மேல் இல்லை என்றால் ஓவர்டைம் அவருடைய உரிமை. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால் மணிக் கூலி கிடைக்கும். 2,200 வெள்ளி வாங்கியவர் என்றால் மணிக்கு 11.54, ஓவர்டைமுக்கு 17.31. நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் புகார் கொடுக்கலாம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பில் சமரசம் பேச வைப்பார்கள், முடியாவிட்டால் வேலை தொடர்பான நடுவர் மன்றம். அங்கே உங்களிடம் கேட்கப்போவது வேலை நேரப் பதிவேடும் சம்பளச் சீட்டும். அவர் நின்ற பிறகும் ஒரு வருடம் அவற்றை வைத்திருக்க வேண்டும். இருக்கிறதா? இல்லை என்றால் அவர் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம்தான் பேசும். உட்கார்ந்து மணிக்கணக்குப் பார்த்து, வர வேண்டியதைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவர் மன்ற மனுவை இந்த மாதமே போட்டுவிடுங்கள். டெலிவரி ஆர்டர் நகல்கள் கைக்கு வந்ததும், ஒவ்வொன்றிலும் சரக்கைப் பெற்றுக்கொண்டது யார், எந்த முகவரியில் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கொழுந்தனாரோடு உட்காரும் முன் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.